பிளேனுக்குக் கழிவு கிடையாது

பிள்ளைகளா, இதை உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன். போன வாரம் மகள் ஒரு பெரிய தாளில் 'நமது நாட்டின் விமான சேவைகள்' என்று தலைப்பு எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்துவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் ஓடாமல் என்னிடம் வந்தாள். "அப்பா, நீங்க பிளேன்ல போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மகனுக்கு அது போதுமாக இருந்தது. "அப்பாவுக்குக் கொட்டகலை பஸ்ஸுலயே தலை சுத்தும். இவரு எங்க பிளேன்ல போறது?" என்று உங்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். பிளேனில் போகாதவன்தான் நான். ஆனால் பிளேனில் ஏறுவதற்காக என்னைத் தராசில் நிறுத்தார்கள். பேர் எழுதினார்கள். மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். ஒரு காலைத் தூக்கிப் பிளேனில் வைத்தும் விட்டேன். அந்த ஒரு காலோடு நின்றுபோன கதையைத்தான் எழுதப்போகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் மகள் திருத்திக்கொள்ளட்டும்.

முதலில் உன் தாளுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது பேப்பரில் படித்ததும், பெரியவர்கள் பேசிக் கேட்டதும்தான். வெள்ளைக்காரன் போன கையோடு நம் நாட்டுக்கென்று ஒரு விமானக் கம்பெனி வந்தது. ரத்மலானையிலிருந்து இரண்டு காற்றாடி வைத்த சின்னப் பிளேன்கள் யாழ்ப்பாணத்துக்கும் இந்தியாவுக்கும் பறந்தன. பிறகு கட்டுநாயக்காவில் பெரிய ஓடுபாதை வந்தது. பழைய கம்பெனியை மூடி, புதுக் கம்பெனி தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் பேர் மாறியது, பங்காளி மாறியது, வெளிநாட்டுக் கம்பெனி கொஞ்ச காலம் சேர்ந்து நடத்தி விலகியது. சண்டைக் காலத்தில் வடக்குக்குப் போக வர சின்னச் சின்னத் தனியார் கம்பெனிகள் வந்தன, போயின. இதில் நம் ஆட்களுக்கு என்ன பங்கு என்று கேட்டால், அதிகமில்லை. நம் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிக் காட்டு வழியாக நடந்தே மலையேறினவர்கள். ஊருக்குத் திரும்பிப் போனவர்களும் ரயிலில் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள். பிளேன் என்பது எங்களுக்கு மூடுபனிக்கு மேலே போகிற ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அந்தச் சத்தம் ஒருநாள் கீழே இறங்கி வந்தது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். சண்டை கொஞ்சம் ஓய்ந்து, ஹட்டன் பக்கம் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் திரும்பவும் வரத் தொடங்கிய நேரம். பழைய துரை பங்களாக்களுக்கு வெள்ளை அடித்து ஹோட்டலாக்கினார்கள். கொழும்பிலிருந்து மலை ஏறி வர அரை நாள் போகும், வளைவுக்கு வளைவு வயிறு புரளும். அதனால் ஒரு தனியார் கம்பெனிக்காரர்கள் தண்ணீரில் இறங்கும் பிளேனைக் கொண்டு வந்தார்கள். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் தோணி மாதிரி இரண்டு நீளமான மிதவைகள். ஓடுபாதை வேண்டாம், தண்ணி இருந்தால் போதும். தண்ணி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழேயே இருந்தது. மின்சாரத்துக்காகக் கட்டிய டேம். அதன் கரையில் பலகையும் பீப்பாயும் வைத்து ஒரு மிதக்கும் ஜெட்டி கட்டினார்கள்.

தோட்டத்தை நடத்துகிற துரை என் அப்பாவை அந்த ஜெட்டி வேலைக்கு அனுப்பிவைத்தார். பிளேன் வருவதற்கு முன் ஒரு படகில் போய்த் தண்ணீரில் மிதக்கிற கட்டை, வாழைத்தண்டு, பிளாஸ்டிக் போத்தல் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். ஒரு சின்னக் கட்டை மிதவையில் மோதினாலும் ஆபத்தாம். துணி துவைக்கிற பெண்களையும் அந்த நேரத்துக்குக் கரையேற்ற வேண்டும். இதுதான் அவருக்குப் பெரிய வேலை. பிளேனாவது பைலட் சொன்னால் கேட்கும் என்பார்.

கம்பெனியின் ஆளாகக் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள மஹத்தயா வந்து தங்கியிருந்தார். மஹத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. நாங்கள் அவரை ஜெட்டி மஹத்தயா என்போம். பஜார்க் கடையில் பேசிப் பேசிக் கொஞ்சம் தமிழ் பழகியிருந்தார். நல்ல மனிதர். ஆனால் எதிலும் ஒரு நூல் விட்டுக்கொடுக்க மாட்டார்.

சுற்றுலாக்காரர்களை ஏற்ற ஆரம்பிப்பதற்கு முன்னால், தோட்டத்து ஆட்களைச் சந்தோசப்படுத்த கம்பெனி ஒரு யோசனை செய்தது. எங்கள் தோட்டத்தில் மூன்று டிவிசன். ஒவ்வொரு டிவிசனிலும் அந்த மாதம் ஆகக் கூடுதலாகக் கொழுந்து எடுக்கிற பெண்ணைப் பிளேனில் ஏற்றி, தோட்டத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில் துரையே வந்து இதைச் சொன்னார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஐயோ சாமி, செத்தாத்தானே மேல போவாங்க" என்றது ஒரு குரல்.

என் அத்தை சிரிக்கவில்லை. படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நேரே கொழுந்து மலைக்குப் போய்விட்டாள்.

அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. புருசன் இல்லை, பிள்ளை இல்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் இருந்தாள். மலையில் அவள் கை போகிற வேகத்துக்கு ஒருத்தியும் நிற்க முடியாது. மடுவத்தில் அவள் வாய் போகிற வேகத்துக்கும் ஒருத்தரும் நிற்க முடியாது. மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. உங்களுக்குத் தெரியும், ஆனால் அந்தக் காலத்துத் தராசு உங்களுக்குத் தெரியாது. மூன்று கால் நட்டு, நடுவில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டத் தராசு தொங்கும். கீழே கொக்கி. கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினால் முள் சுற்றி வந்து நிற்கும். கணக்கப்பிள்ளை ஐயா முள்ளைப் பார்ப்பார், பிறகு அதில் இரண்டு கிலோவைக் கழித்து, மிச்சத்தைச் சத்தமாகச் சொல்லி எழுதுவார். சாக்குக்கு ஒரு கிலோ, இலையில் இருக்கிற தண்ணிக்கு ஒரு கிலோ. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. மூன்றிலும் கழிவு. மழையோ வெயிலோ, கழிவு கழிவுதான்.

மற்றப் பெண்கள் அதைத் தலையெழுத்து மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் ஒவ்வொரு நிறுவையிலும் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஐயா, வெயில் மண்டையப் பிளக்குது. தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

"காலையில பனி பெஞ்சுச்சில்ல?"

"இது பகல் நிறுவைங்க. பனி சாப்பாட்டுக்குப் போயிருச்சு. சரி, சாக்கு ஒரு கிலோவா? அப்படின்னா அது சாக்கில்லைங்க, ஜமுக்காளம்."

"அடுத்த ஆளு வா!" என்பார் ஐயா. எல்லோரும் சிரிப்பார்கள். கழிவு மட்டும் போகாது. இந்தச் சண்டை நான் பிறக்கிறதுக்கு முன்னாலிருந்தே நடந்துவந்தது.

பெரட்டில் துரை அதைச் சொன்ன அன்று சாயங்காலம் அத்தை எங்கள் காம்பராவுக்கு வந்தாள். "மருமகனே, நீயும் வர்றே" என்றாள். எனக்குப் புரியவில்லை. "பஸ்ஸுல மடிப்பிள்ளைக்கு டிக்கெட் கேக்குறானா? இல்லைல்ல? அதே மாதிரித்தான். நான் உக்காருவேன், நீ என் மடியில உக்காரு."

"மடிப்பிள்ளையா?" என்றாள் என் அம்மா. "இவன் மடியில உக்காந்தா காலு தரையில இழுபடும் மதினி."

"மடக்கிக்குவான்" என்றாள் அத்தை.

அந்த மாதம் முழுக்க நான் காலை மடக்கிப் பழகினேன். பள்ளிக்கூடத்திலும் மடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஆனால் சும்மா இருக்கவில்லை. மத்தியானம் அத்தை லயத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனால் நேரம் போய்விடும் என்று, பள்ளிக்கூடம் விட்டதும் ரொட்டியும் சம்பலும் ஒரு போத்தலில் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடுவேன். அவள் நின்றபடியே சாப்பிடுவாள். வலது கை வாய்க்குப் போகும், இடது கை கொழுந்தைத் தேடிக்கொண்டிருக்கும். மழை வந்தால் மற்றவர்கள் மரத்தடிக்கு ஒதுங்குவார்கள். அவள் தலையில் கிடக்கிற பிளாஸ்டிக் தாளை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த நிரைக்குப் போவாள். அவள் காலில் அட்டை கடித்து ரத்தம் வழியும். நான் உப்புத் துணியை நீட்டினால் "அது குடிச்சிட்டுத் தானா விழும், நீ போய்ப் படி" என்பாள். நிறுவைச் சண்டையை மட்டும் விடவில்லை. கழிவு போக மிச்சத்திலேயே அவள் முதலாவதாக வந்தாள். பேர் வாசித்தபோது எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் என்னைத்தான் பார்த்தார்கள். நான் மடிப்பிள்ளை என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

அந்த நாள் வந்தது. நான் பள்ளிக்கூட வெள்ளை உடுப்பும் சப்பாத்தும் போட்டிருந்தேன். அத்தை தீபாவளிச் சேலையும் கனகாம்பரமும். மற்ற இரண்டு டிவிசன் பெண்களும் அப்படியே கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கக் கரை முழுக்க ஆட்கள். டேம் தண்ணி ஒரு சுருக்கம் இல்லாமல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஜெட்டியில் வெள்ளைப் பிளேன் கட்டிப் போட்டிருந்த மாடு மாதிரி மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.

ஏறுவதற்கு முன்னால் எல்லோரையும் நிறுக்க வேண்டும் என்றார் ஜெட்டி மஹத்தயா. எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆளை எதற்கு நிறுக்கிறது? அவர் பொறுமையாகச் சொன்னார். "இந்தத் தண்ணி ரொம்ப மேல இருக்கு. மேல காத்து லேசு. பிளேனுக்கு மூச்சு வாங்கும். சுத்தி மலை, தண்ணியும் நீளம் இல்லை. அதனால சீட்டு இருந்தாலும் எல்லாச் சீட்டுலயும் ஆள் போட முடியாது. எவ்வளவு கிலோன்னு எனக்குச் சரியாத் தெரியணும்." பைலட்டுகள், கம்பெனி ஆட்கள், கொழும்புக்குத் திரும்பிப் போக வேண்டிய எண்ணெய் எல்லாவற்றையும் கூட்டி, மிச்சம் எவ்வளவு ஏற்றலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்.

கம்பெனி கொண்டுவந்த தராசு இரவு மழையில் நனைந்து, எதை வைத்தாலும் ஒரே நிறையைக் காட்டியது. துரை பார்த்தார். "மடுவத்துத் தராசைக் கொண்டா" என்றார்.

கணக்கப்பிள்ளை ஐயா தராசோடும் ஆட்களோடும் இறங்கி வந்தார். கரையில் மூன்று காலும் நட்டார்கள். கொக்கியில் ஒரு பெரிய கொழுந்துச் சாக்கை மாட்டி, பெண்களை ஒவ்வொருத்தராக அதற்குள் உட்காரச் சொன்னார்கள். கரையில் எழுந்த சிரிப்பு அக்கரை மலையில் பட்டுத் திரும்பி வந்தது. முதல் பெண் சாக்கில் தொங்கியபோது, "ஐயா, நல்லாப் பாத்து நிறுங்க, இதுல முத்தல் இலையும் கலந்திருக்கு" என்று யாரோ கத்தினார்கள். தொங்கினவளே சிரித்துச் சிரித்துச் சாக்கோடு சுற்றினாள்.

ஐயா முள்ளைப் பார்த்தார், நிறையைச் சொன்னார். மஹத்தயா எழுதினார். இரண்டாவது பெண். பிறகு அத்தை. அத்தை சாக்குக்குள் உட்கார்ந்தும் அண்ணாந்து முள்ளைத்தான் பார்த்தாள். நாலாவதாக நான். மடிப்பிள்ளைக்கு நிறுவை எதற்கு என்று அத்தை கேட்டதற்கு மஹத்தயா சிரித்துக்கொண்டே, "பஸ்ஸுக்கு மடி தெரியும் அம்மா, பிளேனுக்குத் தெரியாது" என்றார்.

கூட்டிப் பார்த்தார். திரும்பவும் கூட்டினார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். "ஹரி, ஹரி!" என்றார், சிங்களத்தில் சரி என்று. "சின்ன மஹத்தயாவும் போகலாம். ஒரு கிலோ மிச்சம் இருக்கு."

சின்ன மஹத்தயா! எனக்கு அதற்கு மேல் காது கேட்கவில்லை. மஞ்சள் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அது முழங்கால் வரை வந்தது. அப்பா என் கையைப் பிடித்து ஜெட்டியில் கூட்டிப் போனார். பிளேனின் மிதவையில் ஒரு சின்ன ஏணி இருந்தது. வலது காலைத் தூக்கி அதில் வைத்தேன். காலுக்குக் கீழே பிளேன் லேசாக அமிழ்ந்து எழும்பியது. இன்றைக்கும் அது என் பாதத்தில் இருக்கிறது.

"மஹத்தயா, கொஞ்சம் நில்லுங்க" என்றாள் அத்தை.

அவள் ஜெட்டிப் பலகையில் நின்றபடி தராசைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அம்மா? பயமா?"

"பயமில்லைங்க. ஐயா கழிச்சுட்டாருங்க."

"என்ன கழிச்சது?"

"ஆளுக்கு ரெண்டு கிலோ. முள்ளு ஒண்ணு காட்டுச்சு, ஐயா வாய் ஒண்ணு சொல்லுச்சு. நாலு பேருக்கும் அப்படித்தான்."

அப்பா என் கையை நசுக்கினார். "அக்கா, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று பல்லுக்குள் சொன்னார். அவருக்கு ஜெட்டி வேலை போய்விடுமோ என்று பயம்.

மஹத்தயா கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். ஐயாவின் முகம் வெந்த பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, பிள்ளைகளா. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. கண் முள்ளைப் பார்த்ததும் வாய் தானாக இரண்டைக் கழித்துவிட்டது. அத்தனை வருசப் பழக்கம். "கைப்பழக்கங்க... தண்ணிக்கு ஒண்ணு, சாக்குக்கு ஒண்ணு கழிக்கிறது வழக்கம்" என்றார்.

"தண்ணியா?" மஹத்தயா அத்தையின் தீபாவளிச் சேலையை மேலிருந்து கீழே பார்த்தார். "இந்த அம்மா மேல தண்ணி எங்க?"

கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அது முத்தல் இலைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை. மஹத்தயா சிரிக்கவில்லை. எழுதியதைக் கோடு போட்டு வெட்டினார். "திரும்ப நிறுங்க. முள்ளு சொல்றதைச் சொல்லுங்க. நாங்க கழிச்சாலும் பிளேன் கழிக்காது."

திரும்பவும் சாக்கு, திரும்பவும் தொங்கல். இந்த முறை யாரும் பகிடி பண்ணவில்லை. எல்லோரும் அண்ணாந்து முள்ளைப் பார்த்தார்கள். மஹத்தயா கூட்டினார். என்னைப் பார்க்காமல், "ஏழு கிலோ கூடுது" என்று இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

நான் விடவில்லை. சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையைக் கழற்றினேன். பெல்ட்டையும் கழற்றி ஜெட்டியில் எறிந்தேன். காற்சட்டைப் பையில் இருந்த இரண்டு மார்பிளையும் எடுத்துத் தண்ணீரில் போட்டேன். பிறகு நேரே கணக்கப்பிள்ளை ஐயாவிடம் ஓடிப் போய், "ஐயா, எனக்கு மட்டும் கழிங்கய்யா" என்றேன்.

ஐயா குனிந்து தராசின் காலைச் சரிபார்க்கிறவர் மாதிரி நின்றார்.

அத்தை துரைக்கு முன்னால் போய் நின்றாள். அவள் சத்தம் போடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது. "துரை, ஆளுக்கு முள்ளு சொல்றதை எழுதணும்னா, கொழுந்துக்கும் முள்ளு சொல்றதைத்தானுங்களே எழுதணும்?"

துரை தண்ணீரைப் பார்த்தார். "அதைப் பிறகு பேசலாம். பிளேனுக்கு நேரமாகுது" என்றார்.

"சரிங்க. எத்தனை மணிக்குங்க?" என்றாள் அத்தை.

எனக்கு அந்தப் பேச்செல்லாம் தேவையாக இருக்கவில்லை. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். நான் போகாவிட்டால் அவளும் போகக் கூடாது, அதுதான் நியாயம் என்று நினைத்தேன். "நீயும் போகாத அத்தை" என்றேன். மற்ற யாராவது என்றால் பிள்ளை அழுகிறதே என்று இறங்கியிருப்பார்கள். என் அத்தை குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், கொழுந்து கிள்ளுகிற அதே லாவகத்தோடு. "மருமகனே, இது நான் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த சீட்டு. விட மாட்டேன்" என்றாள். செருப்பைக் கழற்றி ஜெட்டியில் ஒழுங்காக வைத்துவிட்டு, ஏணியில் ஏறி உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள்.

பிளேன் நடுத் தண்ணிக்குப் போய்த் திரும்பி, இரைச்சல் போட்டு ஓடியது. பின்னால் வெள்ளையாக நுரை. ஓடியது, ஓடியது, எழும்பவில்லை. வேகம் குறைந்து, தண்ணீரில் உட்கார்ந்தது. "தண்ணி ரொம்ப அமைதி. அலை இல்லாட்டி மிதவையைத் தண்ணி விடாது" என்றார் மஹத்தயா. அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. பிளேன் வட்டம் வட்டமாகச் சுற்றித் தானே அலை கிளப்பியது. பிறகு அந்த அலை மேல் திரும்பவும் ஓடியது. ஒரு மிதவை தண்ணியை விட்டது. மற்றது விடவில்லை. அக்கரையில் நிற்கிற சவுக்கு மரங்களுக்குக் கிட்டத்தில் போய்த்தான் இரண்டும் விட்டன. மரங்களின் தலை ஆடியது. பிளேன் மலையை ஒட்டிச் சாய்ந்து, மேலே போய்விட்டது.

அந்த நேரம் முழுக்க அப்பாவின் கை என் தோளில் இருந்தது. வலிக்க வலிக்க அழுத்தியிருந்தார். நான் தண்ணீரில் குதித்துவிடுவேன் என்று பயந்து பிடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் அந்த இடம் கன்றிப்போய் இருந்தது.

அவர்கள் திரும்பி இறங்கியபோது மற்ற இரண்டு பெண்களும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இறங்கினார்கள். அத்தையின் பூ மட்டும் கலைந்திருந்தது. "என்ன மதினி பாத்தீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எல்லாம் பாத்தேன். கோயிலைப் பாத்தேன், லயத்தைப் பாத்தேன், துரை பங்களாவுக்குப் பின்னால என்ன காயப்போட்டிருக்குன்னு கூடப் பாத்தேன். மடுவத்தை மட்டும் காணலை. எவ்வளவு தேடினேன் தெரியுமா? இத்தனை வருசமா நான் சண்டை போட்ட இடம், மேல இருந்து பாத்தா கண்ணுக்கே அகப்படலை."

அதைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு வாயால் என் சீட்டைக் கெடுத்தவள் என்பதுதான் எனக்கு அன்று தெரிந்த கணக்கு. அவள் பேசாமல் இருந்திருந்தால் நான் அவள் மடியில் காலை மடக்கிக்கொண்டு போயிருப்பேன். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. இப்போது நான் உங்கள் இரண்டு பேரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அந்த டேம் ரோட்டில் போகும்போதெல்லாம், அக்கரைச் சவுக்கு மரங்களைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கிறேன். ஏன் குறைக்கிறீங்க என்று மகன் கேட்பான். பள்ளம் இருக்கு என்பேன். அங்கே பள்ளம் இல்லை.

மறுநாள் காலை நிறுவைக்கு மடுவத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். பெண்கள் சாக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு நகரவில்லை. ஒவ்வொருத்தரும் அண்ணாந்து முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐயா முள்ளைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். ஒரு கிலோதான் கழித்தார். "சாக்குக்கு மட்டும்" என்றார்.

"ஜமுக்காளத்துக்கு" என்றாள் அத்தை.

மழை மாதம் வந்ததும் தண்ணிக்கு ஒரு கிலோ மெல்லத் திரும்பி வரப் பார்த்தது. பெண்கள் சாக்கைக் கொக்கியில் மாட்டாமல் கீழேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அது வேறு கதை, நீளமான கதை. அந்தத் தண்ணிப் பிளேன் கொஞ்ச காலம் வந்து, பிறகு வருவதை நிறுத்திக்கொண்டது. ஜெட்டிப் பலகைகளில் நல்லவை எல்லாம் எங்கள் லயத்து வாய்க்காலுக்குப் பாலமாயின. மகளே, இதையும் உன் தாளில் எழுதலாம். விமான சேவையில் நம் தோட்டத்துக்குக் கிடைத்தது அந்தப் பாலமும் ஒரு கிலோவும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முதல் நாள் சாயங்காலத்தை. பிளேன் போய்விட்டது. எல்லோரும் கோயிலடியில் அத்தையைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை. தராசை மடுவத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து பழைய இடத்தில் நட்டிருந்தார்கள். அங்கே ஒருவரும் இல்லை. காய்ந்த கொழுந்து வாசம் மட்டும் இருந்தது. ஒரு பிளேனாலேயே தூக்க முடியாத அளவுக்கு நான் எவ்வளவு கனம் என்று பார்த்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். கொழுந்துப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினேன். கொக்கியை இரண்டு கையாலும் பிடித்தேன். ஒரு மாதம் பழகியபடி இரண்டு காலையும் மடக்கிக்கொண்டேன். தராசு கிறீச்சிட்டது. அண்ணாந்து பார்த்தேன். முள் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் ஆடி, ஓரிடத்தில் நின்றது.

கணக்கப்பிள்ளை ஐயா சொல்லுகிற மாதிரியே அதைச் சத்தமாகச் சொன்னேன். ஒன்றும் கழிக்கவில்லை.